விழிஞ்ஞத்துப் பழைய சர்வர்

ஜூன் 12, 2006. திங்கள்

விடியும்போதே மழை. படுக்கையறை மூலையில் ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று. ராஜன் கடைக்குப் போகும்போது வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னார். சொல்லியிருக்க மாட்டார், கல்யாணம் ஆன நாள்முதல் இப்படித்தான்.

ஆபீஸில் புது வேலை. விழிஞ்ஞம் மீனவர் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் திரை. கடலுக்குப் போன வள்ளங்கள் எவை, ஒவ்வொன்றிலும் யார் யார், அவர்கள் ஊர், வீட்டுக்குத் தகவல் சொல்ல ஃபோன் எண். எல்லாம் சங்க ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைத் துறைமுகத்து வயர்லெஸ் அறையிலும் பார்க்க முடிய வேண்டும். மழைக்காலத்தில் மற்ற கரைக்காரர்களும் அங்கேயே வந்து வள்ளம் இறக்குவதால் அவசரம் என்கிறார்கள்.

திரையை பிஜு பைத்தான் மொழியில் எழுதிவிட்டான். நல்ல பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம். எங்கள் ஆபீஸில் ஜோராக ஓடுகிறது. அங்கே கொண்டுபோய் வைத்தால் டேட்டாபேஸோடு சேரவே இல்லையாம். "சேச்சி ஒன்னு போய் நோக்குமோ?" என்று என்னைப் பார்த்தான். சுரேஷ் சார், எங்கள் முதலாளி, தலையை நிமிர்த்தாமலே, "ஷீபா போகட்டும்" என்றார். முடிந்தது.

வாங்க: குடை (கம்பி ரெண்டு போச்சு), கப்பைக்கிழங்கு, மெழுகுவர்த்தி.


ஜூன் 13, செவ்வாய்

மழை விட்டு விட்டு. பஸ் போகும் வழியெல்லாம் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அர்ஜென்டினாக் கொடி, பிரேசில் கொடி. விழிஞ்ஞத்தில் இறங்கியதும் மீன் வாடை, டீசல் வாடை, நனைந்த வலை வாடை. கால் வைக்க இடமில்லாமல் வள்ளங்கள்.

சங்க ஆபீஸில் ஸ்டெல்லா அக்கா. ஐம்பது வயதிருக்கும். குளச்சல் பக்கம் பிறந்து இங்கே கட்டிக்கொடுத்தது. கம்ப்யூட்டரில் பதிவதெல்லாம் அவர்தான். நான் மார்த்தாண்டம் என்றதும் தமிழுக்கு மாறினார். அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர்; அதன் பக்கம் நாற்காலியை இழுத்தேன். கையைப் பிடித்துவிட்டார்.

"பிள்ள, பாக்கலாம். தொடக்கூடாது."

ஏன் என்று கேட்டேன்.

"முன்ன ஒருத்தன் வந்து புதுசாக்கித் தாறேன்னான். புதுசாக்கினான். மறுநா வந்து பாத்தா பேரு இருந்த எடமெல்லாம் கேள்விக்குறி. அந்த நேரம் பாத்து நம்ம ஆளு ஒருத்தன் கடல்ல செத்துப் போயிட்டான். உதவிப் பணத்துக்கு, சங்கத்து ஆளுதான்னு காட்ட அவன் பேரு இல்ல. அவன் பெண்டாட்டி தெனமும் வந்து அந்த பெஞ்சில இருந்துட்டுப் போவா. பழைய காப்பிய வச்சுப் பாதி மீட்டோம். மீதியெல்லாம் நானே அடிச்சேன்."

"நான் அதைத் தொடமாட்டேன் அக்கா" என்றேன். வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் யோசனை.

கோளாறு என்னவென்று பார்த்துவிட்டேன். பைத்தானையும் டேட்டாபேஸையும் இணைக்கும் லைப்ரரி, யாரோ எழுதி இணையத்தில் சும்மா கொடுக்கும் நிரல், புதிது. சேர்ந்த கையோடு அதுவாகவே ஒரு கட்டளை அனுப்புகிறது: 'எழுத்துகளையெல்லாம் யூனிகோடில் கொடு.' இங்கே இருக்கும் டேட்டாபேஸ் 4.0. அந்தக் கட்டளை வந்ததே 4.1-இல். 4.0-க்கு அது என்னவென்றே தெரியாது, 'இலக்கணப் பிழை' என்று கதவைச் சாத்திவிடுகிறது. பழைய லைப்ரரியைப் போடலாமென்றால் பிஜு எழுதிய திரை அதில் ஓடாது.

திரும்பும்போது ஸ். அக்கா ஒரு பொதி நெத்திலி கொடுத்தார். பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.


ஜூன் 14, புதன்

வெயில்! துணியெல்லாம் காயப்போட்டேன். ஆபீஸ் போய்ச் சேருமுன் மழை.

சு. சாரிடம் விவரம் சொன்னேன். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை, புதுப்பித்தால் போதாதா என்கிறார். "டேட்டாபேஸ் அப்கிரேட் செய்தாப் போரே? ஒரு மணிக்கூர் பணி."

பேரெல்லாம் அழிந்த கதையைச் சொன்னேன். இந்த முறை கவனமாகச் செய்யலாம் என்றார். தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

"அவர் அறியண்டா."

அவர்களுக்குத் தெரிய வேண்டாமாம். பிஜு கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியாம செய்யறதா இருந்தா வேற ஆளை அனுப்புங்க சார்" என்றேன். அவர் பேனா மூடியைக் கடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை பார், அதற்குள் ஓடாவிட்டால் அப்கிரேட்தான் என்றார். கோபமில்லை. அதுதான் அவரிடம் சிக்கல், கோபமே வராது.

லைப்ரரியின் உள்ளே போய்ப் படித்தேன். மோசமில்லை, சுத்தமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இணைந்ததும் முதலில் சர்வரிடம் 'நீ எந்தப் பதிப்பு' என்று கேட்க வேண்டும். 4.1-க்குக் கீழே என்றால் அந்தக் கட்டளையை அனுப்பக்கூடாது. அவ்வளவுதான், நாலைந்து வரி.

நாலைந்து வரிக்குப் பகல் முழுக்க. பதிப்பு எண்ணைப் புள்ளியில் வெட்டி எண்ணாக மாற்றினேன். டெலிஃபோன் லைன் வழியாக இங்கிருந்தே இணைந்து கேட்டால், சங்கத்துச் சர்வர் சொன்னதோ 4.0.20-க்குப் பின்னால் ஒரு கோடும் இரண்டு எழுத்தும் ஒட்டி. எழுத்தை எண்ணாக்க முடியாமல் விழுந்தது. முன்னால் இருக்கும் எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தபிறகு சரி.

நமக்கு மட்டும் ஏன் என்று, அதே மாற்றத்தை லைப்ரரி நடத்துகிறவருக்கும் அனுப்பிவைத்தேன். யாரென்று தெரியாது, எங்கோ வெளிநாடு. முதல் தடவை இப்படி அனுப்புகிறேன். ஆங்கிலத்தை நாலு முறை திருத்தினேன்.

நெத்திலி வறுவல். ராஜன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.


ஜூன் 15, வியாழன்

லைப்ரரிக்காரர் பதில். இரண்டே வரி. 4.0 மிகவும் பழையது, டேட்டாபேஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், நன்றி. என் கோரிக்கையையே மூடிவிட்டார். சு. சாரும் இவரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்திருப்பார்கள்.

அதில் எரிச்சல்படக்கூட நேரமில்லை. அடுத்த தொல்லை. இணைப்பு வருகிறது, ஆனால் ஒரு பெயரைக் கேட்டாலும் விழுகிறது. அங்கே பெயர்களைப் பழைய எழுத்துரு ஒன்றில் அடித்து வைத்திருக்கிறார்கள், மலையாளமும் தமிழும். அவற்றை யூனிகோட் என்று எண்ணிப் பிரித்துப் பார்க்கிறது லைப்ரரி. பிரிக்காதே, வந்ததை வந்தபடி கொடு என்று அதற்கும் ஒரு வழி செய்தேன். திரையில் அதே எழுத்துருவைப் போட்டுவிட்டால் படிக்க வரும்.

பிஜு உதவினான். கடைசியில், "நேற்று சேச்சி சாரிடம் சொன்னது..." என்று தொடங்கி முடிக்கவில்லை. பழம்பொரி வாங்கிக்கொடுத்தான்.

வீட்டில் வாளி நிறைந்து தரையில் ஓடியிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரிடம் ராஜன் சொல்லவில்லை. நினைத்தேன்.


ஜூன் 16, வெள்ளி

ஓடியது!

விழிஞ்ஞம். முதலில் வயர்லெஸ் அறையில் பிஜு திரையைத் திறந்தான். சங்க ஆபீஸில் நான், பழைய கறுப்புத் திரைக்கு முன்னால் ஸ். அக்கா. இரண்டுக்கும் நடுவில் ஃபோன். அக்கா ஒரு வள்ளத்தின் எண்ணைச் சொல்வார், பிஜு அதிலுள்ள பெயர்களைப் படிப்பான், அக்கா தன் திரையில் விரல் வைத்து ஒத்துப் பார்ப்பார். மலையாளப் பெயரைக் கடகடவென்று படித்துவிட்டான். தமிழ்ப் பெயர் வந்தால் திணறல். "சூ... சூசை..." என்று அவன் இழுக்க அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு கேள்விக்குறிகூட இல்லை. "பெட்டியத் தொடலயே?" என்று மறுபடி கேட்டார். தொடவில்லை என்றேன். உள்ளே போய்க் கட்டன் சாயா போட்டுக்கொண்டுவந்தார்.

சு. சாருக்கு ஃபோன் செய்தேன். "ஆ, சரி" என்றார்.

பிஜு ஆட்டம் பார்க்க ஓடிவிட்டான், நீலக்கோடு போட்ட அர்ஜென்டினாச் சட்டையைப் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். நாளை வயர்லெஸ் அறைக்காரர்களுக்குத் திரையைச் சொல்லிக்கொடுக்க மறுபடி வர வேண்டும்.


ஜூன் 17, சனி

எழுதவா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதினால்தான் படபடப்பு அடங்கும்போல.

காலையில் கடல் அமைதியாகத்தான் இருந்தது. வள்ளங்கள் போயின. அர்ஜென்டினா ஆறு கோல் போட்டதைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. மதியத்துக்குமேல் காற்று மாறியது. வயர்லெஸ் அறை ஓட்டின்மேல் யாரோ மணல் வாரி இறைப்பதுபோல் மழை. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வந்ததை அடையாளமிட நான் சொல்லிக்கொடுத்தேன், அங்கிருந்த செபாஸ்டின் சேட்டன் அடையாளமிட்டார். சாயங்காலம் எல்லாவற்றுக்கும் அடையாளம், ஒன்றைத் தவிர. 'ஆரோக்கிய மாதா.' நாலு பேர்.

அந்த நாலு பேர் யார் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும் என்றார்கள். மூன்று பேர் விழிஞ்ஞத்துக்காரர்கள், நாலாவது எப்போதும் போகும் யேசுதாஸ். அவன் வீட்டுக்கு ஆள் போய்விட்டது. நான் திரையைப் பார்த்தேன். யேசுதாஸ் இல்லை. கிளீட்டஸ் என்று இருந்தது. ஊர் இனயம், குளச்சல் பக்கம்.

நான் மாற்றி எழுதிய லைப்ரரி. வந்ததை வந்தபடி கொடு என்றேனே, ஒரு வரியின் பெயரை இன்னொரு வரியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டதா? மழையில் சங்க ஆபீஸுக்கு ஓடினேன். குடை திறக்கவில்லை, திறக்கவும் நினைக்கவில்லை. ஆபீஸ் நிறைய ஆட்கள், அழுகை. ஸ். அக்காவின் கறுப்புத் திரையில் எண்ணை அடித்தேன். கிளீட்டஸ். இனயம். அதேதான்.

அக்காதான் சொன்னார்: "யேசுதாஸுக்குக் காய்ச்சல். காலைல கிளீட்டஸ் வந்து, அவன் எடத்துல பகரம் நான் போறேன்னு சொன்னான், மாத்தி அடிச்சேன். ஐயோ, அத யாருட்டயும் சொல்லலியே நான்." யேசுதாஸ் வீட்டுக்குப் போன ஆளும் திரும்பி வந்து, அவன் போர்வைக்குள் கிடக்கிறான் என்றான்.

இனயத்துக்கு யார் சொல்வது? அக்கா என் பக்கம் திரும்பினார். "எனக்கு இங்க மூணு வீட்டு ஆளு நிக்காவ. நீ பேசு மக்கா. தமிழ்ல சொல்லு, மெதுவாட்டு சொல்லு."

நான் யார் சொல்வதற்கு? பைத்தான் எழுதுகிறவள். ஆனால் ஃபோனை ஏற்கெனவே என் கையில் வைத்துவிட்டார்.

அந்த எண் ஒரு பலசரக்குக் கடையுடையது. விழிஞ்ஞத்திலிருந்து என்றதும் கடைக்காரர் குரல் இறங்கிவிட்டது. கிளீட்டஸ் வீட்டில் கூப்பிடுங்கள் என்றேன். காத்திருந்தேன். அந்தப் பக்கமும் மழை. செருப்புச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு போன வள்ளம் இன்னும் கரைக்கு வரல. தேடப் போயிருக்காங்க."

"எந்த வள்ளம்? அவரு இன்னைக்குக் கடலுக்குப் போகலன்னுல்லா சொன்னாரு. நாளைக்கு வீட்டுக்கு வாறேன்னு சொன்னாரு."

"ஒருத்தருக்குக் காய்ச்சல்னு அவருக்குப் பகரம் போயிருக்காரு."

"ஆரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல பதிஞ்சிருக்குக்கா."

"கம்ப்யூட்டர்ல இருந்தா? நீ அவர கண்டியா?"

நான் அவரைப் பார்க்கவில்லை என்றேன். கடைக்காரர் ஃபோனை வாங்கி, "சரி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று வைத்துவிட்டார்.

ராஜன் பைக்கில் வந்து அழைத்துப்போனார்.  


ஜூன் 18, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போனோம். பாடலில் மனம் நிற்கவில்லை. வெளியே வந்ததும் மொபைல். ஸ். அக்கா.

கிடைத்துவிட்டார்கள். நாலு பேரும்! வள்ளம் கவிழ்ந்து அதன்மேலேயே தொற்றிக்கிடந்திருக்கிறார்கள். கொல்லம் பக்கத்து வள்ளம் ஒன்று கண்டு, ஏற்றி, நீண்டகரையில் கரைசேர்த்தது. கிளீட்டஸுக்குத் தோள் மூட்டு நழுவியிருக்கிறது, அங்கேயே ஆஸ்பத்திரியில். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

"இனயத்துக்கு நீயே சொல்லிரு பிள்ள. நேத்து சொன்னது நீயில்லா."

இந்த முறை சந்தோஷமாகத்தான் எண்ணை அழுத்தினேன். கிளீட்டஸின் மனைவி கடையிலேயே இருந்தார். இரவெல்லாம் அங்கேதான் இருந்தார் என்று கடைக்காரர் சொன்னார்.

"அக்கா, கிடைச்சிட்டாரு. நல்லா இருக்காரு. தோள்ல மட்டும் அடி."

"நேத்து காணலன்னு சொன்னது நீதானே?"

"ஆமாக்கா."

"இன்னைக்கும் நீதானே?"

"ஆமா."

"அப்பம் அவரு பேசட்டு. நீ சொல்லி நான் இனி நம்பமாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு பொருள் சரியில்லையென்றால் திருப்பிக் கொடுப்பதுபோல் சொன்னார். நியாயம்தான். நீண்டகரையில் அவர்களைக் கரைசேர்த்த ஆளின் எண்ணை ஸ். அக்காவிடம் வாங்கி, அவரிடம் கடையின் எண்ணைக் கொடுத்து, கிளீட்டஸைப் பேசவைக்கச் சொல்லி... மதியச் சோறு ஆறிப்போயிற்று. கடைசியில் கடைக்காரரே என்னைக் கூப்பிட்டார். "பேசிட்டாரு. அவ இப்பதான் அழுகா. நீங்க சாப்பிடுங்க."

எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. ராஜன் குழம்பைத் திரும்பச் சுடவைத்தார்.


ஜூன் 20, செவ்வாய்

ஒழுக்கு அடைக்க ஆள் வந்தான். ஓடு மூன்று உடைந்திருக்கிறது. ராஜன்தான் கூட்டிவந்தார். சரி, அவரைப் பற்றி இதுவரை எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

லைப்ரரிக்காரருக்கு மறுபடி எழுதினேன். கடல், வள்ளம், எதையும் எழுதவில்லை. அந்தக் கதையைச் சொல்லிக் கேட்பது எனக்கே பிடிக்கவில்லை. டேட்டாபேஸைப் புதுப்பிக்க முடியாத இடங்கள் உண்டு, புதிய பதிப்புக்காரர்களுக்கு இந்த மாற்றத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை, இதோ இரண்டு பதிப்பிலும் சோதித்ததற்கான சோதனை. அவ்வளவு மட்டும்.

சு. சார் அறைக்குக் கூப்பிட்டார். சங்கத் தலைவர் அவருக்கு ஃபோன் செய்திருக்கிறார். "நன்னாயி" என்றார். புதன்கிழமை பேச்சைப் பற்றி ஒன்றுமில்லை. நானும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த வேலை பற்றிப் பேசும்போது, "கிளையன்டிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம்" என்று நடுவில் ஒரு வார்த்தை வந்தது. அது எனக்காக வந்ததா, தானாக வந்ததா?


ஜூன் 22, வியாழன்

ஆச்சரியம். லைப்ரரிக்காரர் மூடிய என் கோரிக்கையின் கீழே, இணையத்தில், வேறு யாரோ எழுதியிருக்கிறார். தென்னமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம், அங்கேயும் பழைய 4.0, அதே இலக்கணப் பிழை. என் மாற்றத்தைப் போட்டாராம், ஓடுகிறதாம். 'நன்றி, ஷீபா' என்று என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்.

லைப்ரரிக்காரர் கோரிக்கையை மறுபடி திறந்துவிட்டார். ஒரு திருத்தம் கேட்டிருக்கிறார்: ஒவ்வொரு தடவையும் பதிப்பைக் கேட்காதே, இணையும்போது ஒரு முறை கேட்டு நினைவில் வைத்துக்கொள். சரியான பேச்சு. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் மாற்றி அனுப்பிவிட்டேன்.

குடை இன்னும் வாங்கவில்லை.


ஜூன் 24, சனி

என் மாற்றத்தை லைப்ரரியில் சேர்த்துவிட்டார். அடுத்த பதிப்பில் வரும். பிஜு ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தான். எனக்கா அர்ஜென்டினாவுக்கா என்று கேட்டேன். "ரெண்டினும்" என்றான்.


ஜூன் 27, செவ்வாய்

லேசான தூறல். விழிஞ்ஞம். அச்சு எடுக்கும் வசதி ஒன்று பாக்கியிருந்தது, அதற்காகப் போனேன்.

பெஞ்சில் ஒரு பெண், பக்கத்தில் தோளில் கட்டுப்போட்ட ஆள். ஸ். அக்கா, "இவதான் ஒங்கூட ஃபோன்ல பேசினது" என்று என்னைக் காட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னார். நான் எழுந்துவிட்டேன். அவர் என்னைவிடச் சின்னவர். இவ்வளவு நாள் மனதில் ஒரு பெரிய அம்மாவாக வைத்திருந்தேன். மஞ்சள் சேலை, கையில் புது மொபைல். கிளீட்டஸ் கூச்சமாகச் சிரித்தார்.

"நீயா அது?" என்றார் அந்தப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொரல கேட்டா ஆபீசரு கணக்கா இருந்துது."

புது எண்ணைப் பதிய வந்திருக்கிறார்கள். இனி கடைக்காரரை ஓடவிட வேண்டாம். திரையைத் திருப்பிக் காட்டினேன். கிளீட்டஸ், இனயம், பழைய எண்ணை அழித்துப் புது எண். பக்கத்தில் 'மனைவி' என்று இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "இதுல என் பேரு எங்க?"

இல்லை. பெயருக்கு இடமே கிடையாது. உறவு என்ன என்பதற்குத்தான் இடம். யாரும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"மனைவின்னா ஆரு? ஃபோன எடுத்தா ஆரு வேணும்னு கேப்பிய?"

நான் ஸ். அக்காவைப் பார்த்தேன். "இடம் உண்டாக்கலாம். ஆனா உங்க பெட்டியைத்தான் தொடணும் அக்கா."

அக்கா சர்வரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காப்பி எடுத்துக்கிட்டுத் தொடு."

எடுத்தேன். எடுத்த காப்பியைத் திறந்து காட்டினேன், பெயர்கள் எல்லாம் இருந்தன. அதன்பிறகு, பெயருக்கு ஒரு கட்டம் சேர்க்க ஒரு கட்டளை. பழைய 4.0 முனகாமல் ஏற்றுக்கொண்டது. வயர்லெஸ் அறைக்கு ஃபோன் செய்தேன், செபாஸ்டின் சேட்டன் அங்கேயும் சரியாக வருகிறது என்றார். கீபோர்டை அக்கா பக்கம் தள்ளினேன். அந்த எழுத்துரு அவருக்குத்தான் பழக்கம்.

"லில்லி புஷ்பம்" என்றார் அந்தப் பெண். அக்கா அடித்தார். "புஸ் இல்ல, புஷ்." அழித்து அடித்தார்.

அந்தப் பெயருக்கு மேலும் கீழும் திரை முழுக்க வெறும் கட்டங்கள். அக்கா உருட்டிப் பார்த்தார். உருட்ட உருட்ட வெறுமை. நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப்போட்டார். வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏய் அந்தோணி, இங்க வா. உன் பெண்டாட்டி பேரு என்ன?"